மாணவர்கள் செய்து தரும் பொருட்கள்: குழந்தைகள் நோய்த்தணிப்புப் பிரிவில் எது நிலைக்கிறது, எது அலமாரிக்குப் போகிறது

பொறியியலோ, வடிவமைப்போ, செவிலியமோ, சமூகப்பணியோ, எந்தத் துறை மாணவர்களிடம் ‘குழந்தைகளுக்கான பாலியேட்டிவ் கேர்’ (கடும் நோயின் வலியையும் அவதியையும் தணிக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சை) என்று புராஜெக்ட் தலைப்பைக் கொடுத்தாலும் சுற்றிச் சுற்றி அதே ஏழெட்டுப் பொருட்கள்தான் வந்து சேர்கின்றன. சிரிஞ்சு பம்ப் வைக்கும் பை, கண்ணால் பேசும் பலகை, வலி அட்டை, மருந்துக் குறிப்பேடு, விளையாட்டுப் பெட்டி, கை அச்சு, கடைசியாக ஓர் ஆப். இவற்றோடு பொருள் அல்லாத ஒன்றும் உண்டு: மாணவர்களே வாரம் ஒருமுறை வந்து இருந்துவிட்டுப் போகும் சேவை. இவை அத்தனையையும் இங்கே எடை போட்டுப் பார்க்கிறோம். மேடையில் பரிசு வாங்கியதா என்பது கணக்கில்லை. இரவு இரண்டு மணிக்கு, மங்கலான விளக்கில், தூக்கம் கெட்ட ஓர் அம்மா ஒரு கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதைப் பயன்படுத்த முடிகிறதா என்பதே அளவுகோல்.

முதலில் ஒன்றைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நோய்த்தணிப்பு என்றதும் கடைசி வாரம், கடைசி நாள் என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1998இல் குழந்தைகளுக்கென்று தந்த வரையறை, நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்தே இது தொடங்குகிறது என்கிறது. நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர்கிறது என்கிறது. ஆக்ஸ்போர்டில் 1982இல் திறந்த ஹெலன் ஹவுஸ், குழந்தைகளுக்கான முதல் ஹாஸ்பிஸ் (கடும் நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்), வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குச் சில நாள் இளைப்பாறல் தரும் எண்ணத்தில்தான் முளைத்தது. தசைச் சிதைவு நோயோடு பள்ளிக்குப் போகும் பையனும், கடுமையான பெருமூளை வாதத்தோடு பல வருடம் வாழும் பெண்ணும் இந்தச் சிகிச்சைக்கு உரியவர்களே. ஆகவே மாணவர்கள் செய்யும் பொருள் மூன்று வாரம் தாங்கினால் போதாது. துவைத்து, கீழே விழுந்து, பிள்ளை வளர்ந்து, அதற்குப் பிறகும் உழைக்க வேண்டும். தோற்றுப்போகும் பொருட்களில் பாதி இந்த ஒரு கணக்குப் பிழையால்தான் தோற்கின்றன.

சிரிஞ்சு பம்ப் பை

மாணவர் பொருட்களில் எங்களுக்கு அதிகம் பிடித்தது இதுதான். காரணம் எளிது: தேவை நிஜமானது, செய்யும் திறமை மாணவர்களிடம் இருக்கிறது, தப்பினால் கண்ணுக்குத் தெரியும். வாயால் மருந்து விழுங்க முடியாத பிள்ளைக்கு வலி மருந்தும் வாந்தி மருந்தும் தோலுக்கு அடியில் சிறு ஊசி வழியாக, பொதுவாக 24 மணி நேரத்துக்கு ஒரு சிரிஞ்சு என்ற கணக்கில், பேட்டரி பம்ப் மூலம் போகும். அந்தப் பம்ப்பைத் தூக்கிக்கொண்டே பிள்ளை தவழவும் நடக்கவும் வேண்டும். பம்ப்போடு வரும் பை பெரியவர்களுக்கு வெட்டியது. எட்டு கிலோ குழந்தையின் முதுகை முழுக்க மூடிவிடும்.

முதல் பிழை அளவெடுப்பதில் நடக்கிறது. மாணவர்கள் பம்ப்பை மட்டும் தனியாக அளந்துகொண்டு போகிறார்கள். பம்ப்புக்கு மேல் பூட்டுப் பெட்டி ஒன்று வரும், அதற்கு வெளியே சிரிஞ்சின் வால் நீட்டிக்கொண்டிருக்கும். 10 மில்லி சிரிஞ்சை வைத்து அளந்த பையில் 30 மில்லி சிரிஞ்சு நுழையாது. சிரிஞ்சு நிரம்பியிருக்கும்போதுதான் பிஸ்டன் முழுக்க வெளியே இழுத்திருக்கும், நீளமும் அதிகம். காலி சிரிஞ்சை வைத்துப் பொருத்திப் பார்த்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லிவிடக் கூடாது. பூட்டுப் பெட்டி, வார்டில் புழங்கும் மிகப்பெரிய சிரிஞ்சு, முழு நிரப்பு, இணைப்புக் குழாய்: நான்கையும் சேர்த்து வைத்து அளந்தால் தப்பாது.

இரண்டாவது, பட்டை. கழுத்தில் மாட்டும் பட்டை கூடவே கூடாது, இறுக்கிவிடும். ‘இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் கொக்கி போட்டிருக்கிறோம்’ என்று சொல்வார்கள். அடையாள அட்டைக்கு அது பொருந்தும். பம்ப்பின் எடைக்கு அந்தக் கொக்கி நடையிலேயே கழன்று, பம்ப் கீழே தொங்கி, ஊசியைப் பிடுங்கிவிடும். இரு தோளிலும் ஏறும் சிறு முதுகுப்பை, அல்லது பனியன் மாதிரி மாட்டும் சட்டையில் தைத்த பாக்கெட், இவை இரண்டும்தான் குழந்தைகளிடம் நிற்கின்றன. சக்கர நாற்காலிக் குழந்தைக்குப் பின்பக்கக் கைப்பிடியில் தொங்கவிடும் கொக்கி வைப்பது வழக்கம். அது சரியில்லை. பம்ப் ஊசி போட்ட இடத்தைவிட உயரத்தில் இருந்து, சிரிஞ்சும் சரியாகப் பிடிபடாமல் இருந்தால் மருந்து தானாக இறங்கிவிடும் ஆபத்து உண்டு. இருக்கைப் பக்கவாட்டில், இடுப்பு மட்டத்தில் வைப்பதே நல்லது.

மூன்றாவது, மூடுவதும் திறப்பதும். வெல்க்ரோ மலிவு, தைக்கச் சுலபம். ஆனால் இரவில் சரக்கென்று பிரிக்கும்போது பிள்ளை விழித்துக்கொள்ளும், சில துவைப்பில் நூலும் முடியும் ஒட்டிப் பிடிமானம் போய்விடும். உள்பக்கம் மடிப்பு வைத்த ஜிப் அல்லது பெரிய அழுத்து பித்தான் மேல். பம்ப் ஓடுகிறது என்று காட்டும் சிறு விளக்கும், சிரிஞ்சில் மிச்சமிருக்கும் அளவும் பையைத் திறக்காமலே தெரிய வேண்டும். அதற்குத் தெளிவான பிளாஸ்டிக் சன்னல் வைக்கலாம், ஆனால் அதன்மேல் துணி மூடி ஒன்றும் அவசியம். சில மருந்துக் கலவைகள் வெயிலிலும் சூட்டிலும் கலங்கிவிடும். உள்ளே தடிமனான ஸ்பாஞ்சு வைத்துத் தைத்த பை ஒன்று பார்க்க அழகாக இருக்கும்; அலாரம் அடித்தால் அடுத்த அறைக்குக் கேட்காது. குழாய் வெளியே வரும் துளை கூர்மையான மூலையில் இருந்தால் குழாய் மடங்கும், அடைப்பு அலாரம் ஓயாமல் அடிக்கும். துளையை நீள்வட்டமாக வெட்டி, ஓரத்தைப் பட்டைத் துணியால் சுற்றித் தைத்தால் அந்தத் தொல்லை தீரும்.

துவைப்பு பற்றி யாரும் கேட்பதில்லை. மருத்துவமனைத் துணி வெந்நீரில் போகும். கிருமி அழிய 65 டிகிரியில் பத்து நிமிடமோ 71 டிகிரியில் மூன்று நிமிடமோ பிடிக்க வேண்டும் என்பது பல இடங்களில் பின்பற்றும் கணக்கு. முன்கூட்டியே சுருக்கி எடுக்காத பருத்தி அந்தச் சூட்டில் ஒரு சுற்றிலேயே சுருங்கி, பம்ப் நுழையாத பையாகிவிடும். துணியை வெட்டுவதற்கு முன்பே இருமுறை வெந்நீரில் துவைக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு பை வேண்டும்: ஒன்று முதுகில், ஒன்று கொடியில்.

இத்தனை குறை சொன்னாலும், நன்றாகச் செய்த பம்ப் பைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்போம். துணியில் என்ன படம் வேண்டும் என்று பிள்ளையிடமே கேட்டுத் தைத்தால் மிச்ச அரையும் உண்டு.

கண்ணால் பேசும் பலகை

கை அசையாத, வாய் பேசாத பிள்ளை கண் அசைவால் தேர்ந்தெடுக்கும் ஒளி ஊடுருவும் பலகை இது. ஏ3 அளவில் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகடு. நடுவில் முகம் தெரிய ஒரு சன்னல் வெட்டு. ஓரங்களில் படமோ சொல்லோ. பலகையின் ஒரு பக்கம் பிள்ளை, மறுபக்கம் துணை. பிள்ளை பார்க்கும் மூலையைத் துணை படித்துச் சொல்லி, ‘இதுவா?’ என்று உறுதி செய்துகொள்ளும். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். கல்லூரிப் பட்டறையில் ஒரு பிற்பகலில் வெட்டி முடித்துவிடலாம்.

வெட்டுவதில் ஆகும் பிழைகள் சின்னவை. 2 மில்லிமீட்டர் தகடு வளையும். ஓரத்தை உப்புத்தாள் போட்டு மழுக்காவிட்டால் கை கிழியும். பளபளப்பு லேமினேஷன் ஒட்டினால் டியூப் லைட் வெளிச்சம் பட்டு பிள்ளைக்குப் படமே தெரியாது, மேட் ஃபிலிம்தான் ஒட்ட வேண்டும். படத்தை ஒரு பக்கம் மட்டும் ஒட்டிவிட்டு, எதிரே நிற்பவருக்கு எல்லாம் இடவலம் மாறித் தெரிவதைக் கடைசி நாளில் கண்டுபிடிப்பதும் வழக்கமாக நடப்பதுதான்.

பெரிய பிழை, என்ன எழுதுவது என்பதில். மாணவர்கள் முதலில் வைக்கும் நான்கு படங்கள்: பசி, தாகம், தூக்கம், கழிப்பறை. வயிற்றுக் குழாய் வழியாக நேரக் கணக்கில் உணவு போகும், டயப்பர் கட்டிய பிள்ளைக்கு இவற்றில் மூன்று பயனே இல்லை. அந்தப் பிள்ளை சொல்ல விரும்புவது வேறு. ‘திருப்பிப் படுக்க வை’, ‘சளியை உறிஞ்சு’, ‘போதும்’, ‘இன்னும்’, ‘பயமாக இருக்கிறது’, ‘நீ இல்லை, அக்காவைக் கூப்பிடு’. எந்தப் பலகையிலும் இருந்தே தீர வேண்டியவை இரண்டு: ‘நான் சொல்ல வந்தது இதில் இல்லை’, ‘தப்பு, மறுபடி பார்’. இவை இல்லாத பலகையில் பிள்ளை பொய்யான பதிலுக்குத் தலையாட்ட வேண்டிய நிலை வரும். பதின்வயதுப் பையனுக்கு ஒரு வசவுச் சொல்லும் வைக்கலாம். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பலகை அப்போதுதான் தினமும் வெளியே வரும்.

எழுத்துப் பலகையில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலப் பலகையை மாதிரியாக வைத்துக்கொண்டு 247 எழுத்தையும் கட்டம் போட்டு நிரப்பிய பலகைகள் வந்திருக்கின்றன. அதைக் கண்ணால் சுட்டவே முடியாது. வழி நம் எழுத்துமுறையிலேயே இருக்கிறது. மெய் பதினெட்டையும் மூன்று மூன்றாக ஆறு குழுவாக்குங்கள், உயிர் பன்னிரண்டையும் இரண்டிரண்டாக ஆறு குழுவாக்குங்கள். குழுவுக்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறம். நிறப் பொட்டுகள் கீழ் ஓரத்தில் தனியாக. பிள்ளை முதலில் குழுவைப் பார்க்கும், பிறகு நிறத்தைப் பார்க்கும், ஓர் எழுத்து கிடைத்துவிடும். க் என்று காட்டிவிட்டு ஆ என்று காட்டினால் கா. உயிரா மெய்யா என்று துணைக்கு இருப்பவர் கேட்டுக்கொள்ளலாம். ஃ ஒரு மூலையில் போதும். ஜ, ஸ, ஷ, ஹ நான்கையும் மறக்கக் கூடாது; பாதிப் பிள்ளைகளுக்குத் தன் பெயரையோ நண்பன் பெயரையோ எழுத அவை வேண்டும்.

இந்த முறையிலும் ‘அம்மா’ என்று சொல்ல எட்டுப் பார்வை ஆகிறது: அ-வுக்கு இரண்டு, ம்-க்கு இரண்டு, மா-வுக்கு நான்கு. களைத்த பிள்ளைக்கு அது அதிகம். ஆகவே தினம் பத்துமுறை வரும் சொல் எதையும் எழுத்துக்கூட்ட விடாமல் தனிப் படமாக வைத்துவிட வேண்டும். எழுத்துப் பலகை புதிய விஷயம் பேசுவதற்கு மட்டும். டிரக்கியோஸ்டமி (மூச்சு விடக் கழுத்தில் துளையிட்டு வைக்கும் குழாய்) போட்ட, படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள மாணவர் பொருள் வேறில்லை.

சோதிக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்த சக மாணவனை வைத்துச் சோதிப்பார்கள். பிள்ளை ஒருக்களித்துப் படுத்திருக்கும், தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், மேல் மூலை இரண்டும் கண்ணுக்கே எட்டாது. சோதனை படுக்கையில், இரவு விளக்கில் நடக்கட்டும். முதலில் நான்கு மூலையோடு தொடங்கி, அது கைவந்த பிறகே எட்டுக்குப் போக வேண்டும்.

வலி அட்டை

இதில் மாணவர்கள் கை வைக்காமல் இருப்பதே உத்தமம். முகங்கள் வரைந்த வலி அளவுகோல்கள் ஏற்கெனவே சோதித்து நிலைநாட்டப்பட்டவை. திருத்தப்பட்ட முக வலி அளவுகோலில் ஆறு முகங்கள். 0, 2, 4, 6, 8, 10 என்று மதிப்பு. அதில் சிரிப்பும் கிடையாது, கண்ணீரும் கிடையாது, வேண்டுமென்றேதான். சிரிக்கும் முகம் இருந்தால் வலி இல்லாத, ஆனால் சோகமான பிள்ளை அதைத் தொடாது. கண்ணீர் இருந்தால் அழாத பிள்ளை தன் வலியைக் குறைத்துச் சொல்லும். வடிவமைப்பு மாணவர்கள் அந்த முகங்களை ‘கொஞ்சம் க்யூட்டாக’ மாற்றி, கன்னத்தில் சிவப்பும் பூனைக் காதும் வைத்துத் தருகிறார்கள். அழகுதான். அளவுகோல் மட்டும் போய்விட்டது.

மாணவர்கள் உண்மையில் உதவக்கூடிய இடம் பேச முடியாத பிள்ளைகளுக்கான திருத்தப்பட்ட ஃப்ளாக் அளவுகோல். முகம், கால், அசைவு, அழுகை, தேற்ற முடிகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பு போட்டு, மொத்தம் 10க்குக் கணக்கிடுவது. திருத்தப்பட்ட வடிவில் அந்தந்தப் பிள்ளைக்கே உரிய அறிகுறிகளைப் பெற்றோர் சொல்லிச் சேர்க்கலாம். ‘வலித்தால் இடது காதைப் பிடிப்பாள்’, ‘வலி கூடினால் சத்தம் நின்றுபோகும், அதுதான் மோசம்’. அவசர வார்டில் இதை உட்கார்ந்து கேட்டு எழுத யாருக்கும் நேரமில்லை. செவிலிய மாணவி ஒருத்தி அரைமணி நேரம் அம்மாவோடு உட்கார்ந்து எழுதி, செவிலியர் சரிபார்த்து, படுக்கைத் தலைமாட்டில் ஒட்டினால் அடுத்த ஷிப்ட் முதல் அது வேலை செய்யும். புது முகம் வரைவதைவிட இது நூறு மடங்கு மேல்.

மருந்துக் குறிப்பேடு, அதோடு சேர்ந்து வரும் ஆபத்துகள்

நல்ல எண்ணம் தீங்காக முடியும் இடம் ஒன்றுண்டென்றால் அது இதுதான். மாணவர் அச்சடித்த அட்டவணையில் ‘காலை மார்ஃபின் 1 மில்லி’ என்று மட்டும் இருக்கும். 5 மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும் புட்டியில் 1 மில்லி என்பது 2 மில்லிகிராம். செறிவு கூடிய புட்டியில் ஒரு மில்லியிலேயே 20 மில்லிகிராம் இருக்கும். கடையில் புட்டி மாறினால் அதே ‘1 மில்லி’ பத்து மடங்கு மருந்தாகிவிடும். ஆகவே அட்டவணையில் மூன்று கட்டம் கட்டாயம்: மில்லிகிராம், புட்டியின் செறிவு, மில்லி. மூன்றையும் மருத்துவரோ மருந்தாளுநரோ கையால் நிரப்ப வேண்டும். மாணவர் வெறும் கட்டம் அச்சடிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 0.5 என்பதை .5 என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகும். 5 என்பதை 5.0 என்று எழுதினால் 50 ஆகும். ‘ஸ்பூன்’ என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே வரக் கூடாது.

சிரிஞ்சில் வண்ண டேப் ஒட்டி அளவைக் காட்டும் யோசனை வருடா வருடம் வரும். கழுவினால் டேப் நகரும். மருந்தளவை மாற்றினாலும் டேப் பழைய இடத்திலேயே இருக்கும். வேண்டாம். மாத்திரை இடிக்கும் கருவியும் அப்படியே: மெதுவாகக் கரையும் மாத்திரையை இடித்தால் அரைநாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். வாய்வழி சிரிஞ்சை ரத்தக் குழாய் வழியில் மாட்ட முடியாதபடிதான் இப்போது இணைப்புகளை வடிவமைக்கிறார்கள். ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும் அடாப்டர்’ செய்துவந்த முப்பரிமாண அச்சு மாணவரை அன்போடு திருப்பி அனுப்ப வேண்டும். அந்தப் பொருத்தமின்மையே பாதுகாப்பு.

குறிப்பேட்டின் நல்ல பகுதி அறிகுறிப் பக்கம். ஏ5 தாள், வாரத்துக்கு ஒரு பக்கம், பெரிய கட்டங்கள். வலி எண், இடையில் கொடுத்த கூடுதல் வலி மருந்தின் நேரம், வாந்தி, தூக்கம், கூடவே மலம் கழித்த நாள். இந்தக் கடைசிக் கட்டத்தை மாணவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். மார்ஃபின் வகை மருந்து எடுக்கும் பிள்ளைக்கு மலச்சிக்கல் ஏறத்தாழ நிச்சயம். நான்கு நாள் கட்டம் காலியாக இருந்தால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவே.

விளையாட்டுப் பெட்டி, விளக்கு, கை அச்சு

விளையாட்டுப் பெட்டி பற்றிச் சுருக்கமாக. நோய் எதிர்ப்பு குறைந்த பிள்ளைக்குத் துணி பொம்மை கைமாறிப் போகக் கூடாது; துடைக்கக்கூடிய பிளாஸ்டிக், சிலிகோன் போதும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் சுமார் 3 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் ஆகாது. மினுமினுப்புத் தூளும் ஒட்டும் களியும் மத்திய ரத்தக் குழாய் வழி (மருந்து ஏற்றப் பெரிய ரத்தக் குழாயில் விட்டுவைக்கும் குழாய்) போட்ட பிள்ளையின் பக்கமே வரக் கூடாது. மின்னும் பொம்மை செய்யும் மாணவர்கள் காசு வடிவ லித்தியம் பேட்டரி போடுகிறார்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். திருகாணி போட்ட மூடி இல்லையென்றால் வாங்காதீர்கள். வலிப்பு வரும் பிள்ளைகள் நிறைய இருக்கும் இடத்தில் நொடிக்கு மூன்றுமுறைக்கு மேல் மின்னும் விளக்கும் வேண்டாம். மெதுவாக நிறம் மாறும் விளக்கு எல்லோருக்கும் பிடிக்கும், இரவில் செவிலியருக்கும் உதவும்.

கை அச்சு எடுப்பதற்கு, பல் மருத்துவர்கள் பல் அச்செடுக்கும் ஆல்ஜினேட் தூளே சரி. தண்ணீர் சூடாக இருந்தால் கலக்கும்போதே இறுகிவிடும், ஆகவே குளிர்ந்த பக்கமாகவே இருக்கட்டும். கை அசையாமல் இரண்டு மூன்று நிமிடம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை நேராகத் தோலில் ஊற்றக் கூடாது. இறுகும்போது அது சூடேறும், கெட்டியாக ஊற்றினால் தோல் வெந்துபோகும். ஆல்ஜினேட் அச்சிலிருந்து கையை எடுத்த பிறகு, அது வற்றிச் சுருங்குவதற்குள் பிளாஸ்டர் ஊற்ற வேண்டும். இதைக் கடைசி நாட்களுக்கு ஒத்திவைக்காமல், பிள்ளை நன்றாக இருக்கும் ஒரு நாளில், அண்ணன் தம்பிகளின் கையையும் சேர்த்து, விளையாட்டாகச் செய்வதுதான் சரி. அச்சை வைக்கும் பெட்டியில், பிள்ளை இருக்கும்போதே இழப்பைச் சொல்வது போல, ‘ஞாபகப் பெட்டி’ என்று மேலே அச்சடித்துக் கொண்டுவருகிறார்களே, அதைத் திருப்பிக் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்தை இருமுறை கேட்கவும் கூடாது.

மாணவர்களே வரும் சேவை

பொருட்களைவிட இதைப் பற்றித்தான் குடும்பங்கள் அதிகம் கேட்கின்றன. இதற்கு நாங்கள் கொடுக்கும் மதிப்பு ஒரே விஷயத்தைப் பொறுத்தது: அந்த மாணவர் யாருக்காக வருகிறார்? நோயாளிப் பிள்ளையின் கட்டிலருகே உட்காரும் இடத்துக்கு ஆட்கள் குவிகிறார்கள். அடுத்த அறையில் கணக்குப் பாடத்தோடு தனியாக உட்கார்ந்திருக்கும் தங்கைக்கு ஆள் இல்லை. உடன்பிறப்புக்கு வாரம் ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுப்பது இருக்கும் சேவைகளிலேயே மிகச் சிறந்தது. மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை, அபாயம் இல்லை, அம்மாவுக்கும் அந்த ஒரு மணி நேரம் மிச்சம்.

விதிகள் சில, எழுதி வைத்தே ஆக வேண்டியவை. இருவராக வர வேண்டும். மருந்து கொடுக்கக் கூடாது, குழாயைத் தொடக் கூடாது, ‘சும்மா பிடித்துக்கொள்’ என்று அவசரத்தில் யாராவது சொன்னாலும். புகைப்படம் கிடையாது, பெயர் மறைத்தாலும் கிடையாது. தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பு நிலையைச் சரிபார்த்த பிறகே வார்டுக்குள் விட வேண்டும். மூக்கு ஒழுகினால் அன்று வர வேண்டாம். ‘நான் செத்துப்போவேனா?’ என்று பிள்ளை கேட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பயிற்சி தர வேண்டும்: பொய் சொல்லாமல், தானே பதிலும் சொல்லாமல், ‘அப்படி ஏன் தோன்றியது?’ என்று கேட்டுக் காதுகொடுத்து, செவிலியரிடம் சொல்லப்போவதைப் பிள்ளைக்கும் தெரிவித்து, அன்றைக்கே பொறுப்புச் செவிலியரிடம் சொல்வது. ஒரு பிள்ளை இறந்துவிட்டால் அந்த மாணவருக்கு யார் போன் செய்து சொல்வார் என்பதும் சேர்க்கும் நாளிலேயே முடிவாக வேண்டிய ஒன்று. வாட்ஸ்ஆப் குழுவில் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் திரும்பி வருவதில்லை.

தேர்வு மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் காணாமல் போவது இந்தச் சேவையின் தீராத நோய். வேறு வேறு ஆண்டு, வேறு வேறு துறை மாணவர்களைக் கலந்து சேர்த்தால் கொஞ்சம் குறையும். வருவதாகச் சொல்லிவிட்டு வராத அக்காவை விட, மூன்று வாரம் மட்டுமே வருவேன் என்று முதல் நாளே சொல்லி, அதன்படி வந்து போகும் அக்கா மேல்.

ஆய்வுக்காக வரும் மாணவர்கள் தனி ரகம். ஒரே வலி வினாத்தாளை ஒரே தாய் மூன்றாவது கல்லூரிக்கு நிரப்பிக் கொடுப்பது நடக்கிறது. நெறிக்குழு ஒப்புதல், பெற்றோர் சம்மதம், பேசக்கூடிய பிள்ளையென்றால் பிள்ளையின் சம்மதம், மூன்றும் இருந்தும்கூட, முன்னவர் சேகரித்ததை முதலில் படித்தாயா என்று கேட்டுவிட்டு உள்ளே விடுங்கள்.

பள்ளி வகுப்புத் தோழர்களை மறந்துவிடக் கூடாது, அவர்களும் மாணவர்களே. வகுப்பறையிலிருந்து இருபது நிமிட வீடியோ அழைப்பு, ஆசிரியர் முன்பே பிள்ளைகளிடம் பேசிவைத்தது, முடி கொட்டியிருக்கும் என்பதையும் குழாய் இருக்கும் என்பதையும் சொல்லிவைத்தது, இதற்கு ஈடாக எந்தப் பொறியியல் புராஜெக்டும் இல்லை. ‘சீக்கிரம் குணமாகு’ என்று எழுதிய முப்பது அட்டைகள் வேண்டாம். வகுப்பில் யார் யாரோடு சண்டை, யாருக்கு டீச்சர் என்ன சொன்னார் என்பதுதான் பிள்ளை கேட்பது.

ஒப்படைப்பு, அப்புறம் அந்த ஆப்

எந்தப் பொருளை ஏற்றுக்கொள்ளும் முன்பும் மாணவர்களிடம் நான்கைக் கேட்டு வாங்குங்கள்: வெட்டு வடிவம் அல்லது வரைபடக் கோப்பு; பயன்படுத்திய துணி, தகடு, திருகாணியின் சரியான பெயரும் அளவும்; எதைச் சோதித்தோம் எதைச் சோதிக்கவில்லை என்ற ஒரு பக்கக் குறிப்பு; அடுத்த ஆண்டும் கல்லூரியில் இருக்கப்போகும் ஒருவரின் பொறுப்பு. நாலாவது கிடைக்காவிட்டால் முதல் மூன்றும் கட்டாயம். மதிப்பெண் போடும் ஆசிரியர் ‘ஆறு மாதம் கழித்தும் புழக்கத்தில் இருக்கிறதா’ என்பதற்கு மதிப்பெண் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அப்படி வைப்பவர்கள் குறைவு.

ஆப்புக்கு ஐந்துக்கு ஒன்று. சர்வர் கட்டணம் யார் கட்டுவது என்று கேட்டால் பதில் வராது. போன் இயங்குதளம் புதுப்பித்ததும் திறக்காது, எழுதியவர் அதற்குள் வேலைக்குப் போயிருப்பார். பிள்ளையின் நோய் விவரம் எந்தக் கணினியில் சேருகிறது என்பதும் தெரியாது. ஒரு நாள் வலி எண் பதியாவிட்டால் ‘உங்கள் தொடர் வரிசை உடைந்தது’ என்று அறிவிப்பு அனுப்பும் ஆப்பைப் பார்க்கையில், எழுதியவர்கள் ஒருமுறைகூட வார்டுக்குள் வரவில்லை என்று புரிந்துவிடும். ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டார்கள், வாங்கிக்கொள்ளாமல் இருக்க முடியாது என்றால், அறிவிப்புகளையும் உள்நுழைவையும் எடுத்துவிட்டு, வாரப் பக்கத்தை ஏ5 தாளில் அச்சிடும் பொத்தானை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.